கோஆர்டினேட் கொடுத்தால் புள்ளி கடலில் போய் விழுகிறது

ஏட்டுச்சுவடி
வணக்கம் நண்பர்களே. உலகின் பழைய வானாய்வகங்கள் எங்கெங்கே இருந்தன என்று ஒரு டிஜிட்டல் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பொழுதுபோக்குக்காகத்தான். எக்செல் ஷீட்டில் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கின்றன. சில எண்கள் பழைய வானியல் அல்மனாக் (ஆண்டு அட்டவணை நூல்) ஸ்கேன்களிலிருந்து தட்டியவை. சில, நேரில் போனவர்கள் ஜிபிஎஸ் கருவியில் பதிந்து அனுப்பியவை. மீதி இணையத்தில் கிடைத்தவை.

இதைக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் கூத்தாக இருக்கிறது. பாரிஸ் வானாய்வகம் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில். சிட்னி அட்லாண்டிக்கின் நட்டநடுவில். டோக்கியோ ஊருக்குள்தான் விழுகிறது, ஆனால் சில தெருக்கள் தள்ளி. கீழே உள்ள கோஆர்டினேட் பெட்டியில் எண்ணைக் கையால் தட்டினாலோ, எதைத் தட்டினாலும் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலுக்கே போகிறது. ஒரே கோப்பில் இத்தனை விதமாகவா தவறும்? மென்பொருளில் கோளாறா?

சும்மாவந்தேன்
எதற்கு இத்தனை பாடு? கூகுள் மேப்ஸில் பெயரை அடித்தால் அதுவே காட்டிவிடுமே.

ஏட்டுச்சுவடி
பெயரை அடித்தால் நிறுவனம் இப்போது இருக்கும் இடம் வருகிறது, அன்று இருந்த இடம் வருவதில்லை. டோக்கியோ வானாய்வகம் அசாபுவிலிருந்து 1924-இல் மிடாகாவுக்குப் போய்விட்டது. இடிந்து போனவற்றுக்குப் பெயரே வராது. எண்தான் ஒரே வழி.

ரேகைக்காரன்
மென்பொருளில் ஒன்றும் இல்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி காட்டுகிறது. 48.8363, 2.3364 என்பது வெறும் இரண்டு எண்கள். எது முதலில், எந்த வடிவம், எந்த டேட்டம் (எங்கிருந்து தொடங்கி அளந்தது) என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது ஓர் இடம்.

நல்ல விஷயம் என்னவென்றால், புள்ளி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் தள்ளி விழுகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். கண்டம் மாறினால் ஒரு காரணம், பத்து நாற்பது கிலோமீட்டர் என்றால் வேறு காரணம், நூறு ஐந்நூறு மீட்டர் என்றால் முற்றிலும் வேறு. திருத்தப் போகாமல் நாலைந்து வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

ஏட்டுச்சுவடி
இதோ:

பாரிஸ் (இணையம்): 48.8363, 2.3364
பாரிஸ் (ஜிபிஎஸ் லாகர் என்ற பதிவுக் கருவியிலிருந்து ஒரு நண்பர் எடுத்து அனுப்பியது): 48.50178, 2.20184
சிட்னி (அல்மனாக்): -33 51 34, -10 04 49
டோக்கியோ (பழைய ஜப்பானிய வரைபடம்): 35 39 17.5, 139 44 40.5
கிரீன்விச் (அல்மனாக்): 51 28 40, 0 0 0

இணையத்திலிருந்து எடுத்த பாரிஸ்தான் சோமாலியா பக்கம் போனது. லாகர் பாரிஸை அதே மாதிரி கூகுள் மேப்ஸில் போட்டால் பிரான்சுக்குள்தான் விழுகிறது, ஆனால் வானாய்வகத்திலிருந்து 38 கி.மீ. தள்ளி, தெற்கு-தென்மேற்கில்.

நிரல்நண்டு
முதலாவது சுலபம். வரிசை மாறியிருக்கிறது. கூகுள் மேப்ஸ் தேடல் பெட்டி அட்சரேகையை முதலில் கேட்கும். கியூஜிஐஎஸ் எக்ஸ், ஒய் என்று கேட்கும். எக்ஸ் கிழக்கு-மேற்கு, அதாவது தீர்க்கரேகை. இணையத்து வரிகளை ஏற்றும்போது எக்ஸ் ஃபீல்டில் அட்சரேகைப் பத்தியைத் தேர்ந்திருப்பீர்கள், அல்லது பத்திப் பெயரைப் பார்த்து அதுவே தவறாக ஊகித்திருக்கும். 2.3364 வடக்கு, 48.8363 கிழக்கு எங்கே என்று பாருங்கள், உங்கள் சோமாலியக் கடல்தான்.

இதில் உலகமே இரண்டு கட்சி. கடலோடிகள், விக்கிப்பீடியா, கூகுள் மேப்ஸ், 2010-இல் வந்த ஜியோ யூஆர்ஐ (இடத்தைக் குறிக்கும் சுட்டி வடிவம்) எல்லாம் அட்சரேகை முதலில். கேஎம்எல், ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பு வடிவங்கள் எல்லாம் தீர்க்கரேகை முதலில். ஜியோஜேசனுக்கு 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற தர ஆவணம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியே வைத்திருக்கிறது, ஆனாலும் வாரம் ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். ஈபிஎஸ்ஜி என்பது கோஆர்டினேட் அமைப்புகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்; அதில் டிகிரியில் அளக்கும் 4326-இன் அதிகாரபூர்வ வரையறையில் அட்சரேகைதான் முதலில். அதே 4326-ஐப் பயன்படுத்தும் பாதி மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் வைக்கின்றன. இந்தச் சண்டையில் நான் தலையிட விரும்பவில்லை.

ஒரு சின்னப் பிடி: அட்சரேகை 90-ஐத் தாண்டாது. சிட்னி, டோக்கியோ மாதிரி தீர்க்கரேகை 90-க்கு மேல் உள்ள ஊர் ஒன்றை முதலில் போட்டுப் பாருங்கள். வரிசை மாறியிருந்தால் மென்பொருள் பிழை சொல்லும், இல்லை புள்ளியே காணாமல் போகும். பாரிஸ் மாதிரி இரண்டு எண்ணும் சிறியதாக இருக்கும் ஊர்கள்தான் சத்தமில்லாமல் ஏமாற்றும்.

ரேகைக்காரன்
சரியாகச் சொன்னார். கையால் தட்டினால் ஆப்பிரிக்கக் கடல் என்பதற்குக் காரணம் வேறு. பின்புலத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடுக்கு போட்டிருப்பீர்கள், உங்கள் ப்ராஜெக்ட் ஈபிஎஸ்ஜி 3857-க்கு மாறியிருக்கும். அதில் அலகு டிகிரி இல்லை, மீட்டர். 2.3364, 48.8363 என்று தட்டினால் பூஜ்ஜியத்திலிருந்து 2 மீட்டர் கிழக்கே, 48 மீட்டர் வடக்கே என்று எடுத்துக்கொள்ளும். உலகத்தின் எந்த ஊரைத் தட்டினாலும் அந்த இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றுவீர்கள். கீழே வலது மூலையில் என்ன எண் இருக்கிறது, பாருங்கள்.

ஏட்டுச்சுவடி
ஆமாம், 3857 என்றுதான் இருக்கிறது! 4326-க்கு மாற்றியதும் சரியாகப் போகிறது.

ரேகைக்காரன்
ப்ராஜெக்டை மாற்றாமலும் செய்யலாம். கண்ட்ரோல்+கே அழுத்தி அந்தத் தேடல் பட்டியில் எண்களைத் தட்டினால், வரைபடத்தின் அமைப்பில் போகவா, டபிள்யூஜிஎஸ் 84-இல் (ஜிபிஎஸ்ஸின் டிகிரிக் கணக்கு) போகவா என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

தொலைநோக்கி
அந்தப் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் இடத்துக்கு நல் ஐலண்ட் (Null Island, வெற்றுத் தீவு) என்றே பெயர். கினியா வளைகுடாவில் நீண்ட காலம் ஒரு வானிலை மிதவைதான் அங்கே நின்றது, தீவெல்லாம் இல்லை. நேச்சுரல் எர்த் என்ற இலவச வரைபடத் தரவில் ஒரு சதுர மீட்டர் தீவாகவே சேர்த்து வைத்தார்கள், முகவரி தொலைந்த தரவுகள் எல்லாம் அங்கே போய்க் குவிவதைக் கண்டுபிடிக்க.

மாலுமி_ஓய்வில்
லாகர் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, 48.50178 என்பதை உங்கள் நண்பர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியும். லாகரின் மூலக்கோப்பில் என்எம்இஏ வரி இப்படி இருந்திருக்கும்: 4850.178, 00220.184. கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வடிவம் அது. முதல் இரண்டு இலக்கம் டிகிரி (தீர்க்கரேகைக்கு மூன்று), மீதி முழுக்க நிமிடம். அதாவது 48 டிகிரி, 50.178 நிமிடம். அவர் புள்ளியை இரண்டு இடம் நகர்த்தி 48.50178 டிகிரி ஆக்கிவிட்டார். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். 50.178-ஐ 60-ஆல் வகுத்தால் 0.8363. உங்கள் இணைய எண்ணும் அதுதானே?

கப்பலில் நாங்கள் டிகிரி, தசம நிமிடம் என்றுதான் எழுதுவோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல், 1852 மீட்டர். கணக்குக்கு வசதி. கரையில் இருப்பவர்கள் தசம டிகிரி. இரண்டுமே புள்ளி வைத்த எண்கள் என்பதால் பார்வைக்கு ஒன்று போலிருக்கும்.

ரேகைக்காரன்
ஐயா சொன்னதோடு ஓர் அடையாளம் சேர்க்கிறேன். இந்தத் தவறு புள்ளியை எப்போதும் பூமத்திய ரேகை பக்கமும் கிரீன்விச் பக்கமும்தான் இழுக்கும், ஏனென்றால் நூறால் வகுத்தது அறுபதால் வகுத்ததைவிடச் சிறியது. அதிகபட்ச விலகல் 0.4 டிகிரி, வடக்கு-தெற்கில் 44 கி.மீ. சொச்சம். அதற்கு மேல் போகவே போகாது.

இன்னொன்றும் உண்டு. அந்த நண்பர் அனுப்பிய எல்லா வரிகளையும் எடுத்து, புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் பாருங்கள். ஒன்றில்கூட 60, 75, 98 என்று வரவில்லை என்றால், நிமிடம் டிகிரி வேடம் போட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். உண்மையான தசம டிகிரி என்றால் பத்தில் நாலாவது 60-க்கு மேல் இருக்கும்.

ஏட்டுச்சுவடி
பார்த்தேன். அவர் அனுப்பியதில் ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை. ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. அத்தனையையும் ஒரே சூத்திரத்தில் மாற்றிவிட்டேன், பாரிஸ் பாரிஸிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

சிட்னி மட்டும் புரியவே இல்லை. அட்சரேகை சரியாகத்தான் இருக்கிறது. -10 டிகிரி தீர்க்கரேகை எப்படி?

தொலைநோக்கி
அது டிகிரியே இல்லை! வானியல் அல்மனாக்கில் வானாய்வகங்களின் தீர்க்கரேகையை மணி, நிமிடம், விநாடி என்று நேரத்தில் கொடுப்பார்கள். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி திரும்புகிறது, வானியலாளர்களுக்கு அதுதான் வசதி. 10 மணி 4 நிமிடம் 49 விநாடியை 15-ஆல் பெருக்குங்கள்: 151 டிகிரி 12 நிமிடம் 15 நொடி (இவை கோண அளவு, நேரம் இல்லை). சிட்னி வானாய்வகக் குன்று அங்கேதான் இருக்கிறது.

மைனஸ் குறி வந்ததற்கும் காரணம் உண்டு. பழைய வானியல் அட்டவணைகள் பலவற்றில் மேற்கு நேர்க்குறி, கிழக்கு எதிர்க்குறி. இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். ஆகவே குறியையும் திருப்ப வேண்டும். உங்கள் ஸ்கேனின் முன்னுரைப் பக்கத்தையோ அட்டவணையின் தலைப்பையோ பாருங்கள், எது நேர்க்குறி என்று போட்டிருப்பார்கள். தலைப்பில் மணியைக் குறிக்கும் சின்ன எழுத்து எண்ணின் மேல் நிற்கும், ஸ்கேனில் தூசி மாதிரிதான் தெரியும்.

எளிய சோதனை: அந்தப் பத்தியில் 12-க்கு மேல் எந்த எண்ணும் இல்லை என்றால் அது நேரம்.

நிரல்நண்டு
அட, இது எனக்கே புதுசு. சரி, அடுத்த குழி அதே சிட்னி வரியில் இருக்கிறது. -33 51 34-ஐத் தசமமாக்க ஷீட்டில் என்ன சூத்திரம் வைத்திருக்கிறீர்கள்? டிகிரி + நிமிடம்/60 + நொடி/3600 தானே?

ஏட்டுச்சுவடி
ஆமாம், எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நிரல்நண்டு
வட அரைக்கோளத்துக்குச் சரி. இங்கே -33-உடன் 0.8594-ஐக் கூட்டினால் -32.1406 வரும். வேண்டியது -33.8594. வித்தியாசம் 190 கி.மீ., புள்ளி சிட்னிக்கு வடக்கே மலைப்பக்கம் போய்விடும். மைனஸ் என்பது மொத்தக் கோணத்துக்கும் சேர்த்து. குறியை எடுத்து வைத்துவிட்டு மூன்றையும் கூட்டி, கடைசியில் குறியை ஒட்டுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல்: டிகிரி பூஜ்ஜியமாக இருந்தால் மைனஸ் பூஜ்ஜியம் என்று ஷீட்டில் நிற்காது, குறி காணாமல் போய்விடும். லண்டன் பக்கத்து இடங்கள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்குக்குக் குடிபெயர்வது இப்படித்தான். அதனால் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள்.

வலைப்பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது மைனஸுக்குப் பதில் நீளமான கோடு வந்துவிடுவதும் உண்டு. கண்ணுக்கு மைனஸ்தான், ஷீட்டுக்கு அது வெறும் எழுத்து. எண் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

சும்மாவந்தேன்
சரி, நான் கேட்டது அப்பாவித்தனமான கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் ஒன்று சொல்லுங்கள். கூகுள் மேப்ஸ் சுட்டியில் அட் குறிக்குப் பின்னால் இரண்டு எண் வருமே, அதை எடுத்து அனுப்பினால் போதாதா?

நிரல்நண்டு
போதாது. அது திரையின் நடுப்புள்ளி, நீங்கள் தேடிய இடம் இல்லை. வரைபடத்தைக் கொஞ்சம் இழுத்தாலே மாறிவிடும். கணினியில் இடத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள், பட்டியலின் முதல் வரியே அட்சரேகை, தீர்க்கரேகைதான். அதைத் தொட்டால் நகலாகிவிடும். கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் பின் விழும், அதன் எண்ணும் வரும்.

ஏட்டுச்சுவடி
டோக்கியோவும் கிரீன்விச்சும் மிச்சம். வடிவம், வரிசை, குறி எல்லாம் சரிபார்த்துவிட்டேன். கிரீன்விச் நூறு மீட்டர் கிழக்கே பூங்காவில் விழுகிறது. டோக்கியோ தென்கிழக்கே நானூறு மீட்டருக்கு மேல்.

ரேகைக்காரன்
இப்போது டேட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். பூமி சரியான கோளம் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நீள்கோளத்தை எடுத்து, எங்கோ ஒரு புள்ளியில் ஆணி அடித்து, அங்கிருந்து அளந்தது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 பூமியின் நிறை மையத்தை வைத்து அமைந்தது. எண் அதே எண்ணாக இருந்தாலும் தொடங்கிய இடம் வேறு.

டோக்கியோவில் வேடிக்கை என்னவென்றால், ஜப்பானின் பழைய டேட்டத்துக்கு ஆணி அடித்த இடமே உங்கள் அசாபு வானாய்வகம்தான். பழைய எண் 35 39 17.5, 139 44 40.5. ஜப்பான் 2002-இல் உலக அமைப்புக்கு மாறியபோது அங்கே நின்ற அதே அடையாளக் கல்லுக்குக் கொடுத்த எண் 35 39 29.2, 139 44 28.9. கல் அசையவில்லை. இரண்டு திசையிலும் 12 நொடி அளவுக்கு எண்தான் மாறியது, தரையில் அது 450 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

கியூஜிஐஎஸ்ஸில் இந்த வரிகளைத் தனி அடுக்காக ஏற்றி, ஈபிஎஸ்ஜி 4301 என்று அறிவியுங்கள். டோக்கியோ டேட்டத்தின் எண் அது. மாற்றத்தை மென்பொருளே செய்துகொள்ளும். தயவுசெய்து கையால் 12 நொடி கூட்டிக் கழிக்காதீர்கள், ஜப்பானின் மற்ற பகுதிகளில் அந்த வித்தியாசம் வேறு.

தொலைநோக்கி
கிரீன்விச்சைத் திருத்த வேண்டாம் என்பது என் கருத்து. வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் (Airy) தொலைநோக்கி 1851-இலிருந்து அங்கே நிற்கிறது, 1884-இல் வாஷிங்டன் மாநாடு அதன் வழியே போகும் கோட்டைப் பூஜ்ஜியமாக ஏற்றது. சுற்றுலா வருபவர்கள் கால் அகட்டி நின்று படம் எடுக்கும் உலோகக் கோடு அதுதான். ஜிபிஎஸ்ஸின் பூஜ்ஜியம் அதற்கு 102 மீட்டர் கிழக்கே போகிறது. அந்தக் கோட்டில் நின்று கைபேசியைப் பார்த்தால் 5 நொடி மேற்கு என்று காட்டும்.

அந்தக் காலத்தில் செங்குத்தைத் தீர்மானிக்க பாதரசத் தட்டை வைத்தார்கள். உள்ளூர் ஈர்ப்பு அதைத் துளி சாய்த்தது. செயற்கைக்கோளுக்கு அந்தச் சாய்வு கிடையாது. பெரும்பாலும் அதுதான் காரணம்.

ரேகைக்காரன்
திருத்த வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். வரைபடத்தில் புள்ளி கட்டடத்தின் மேல் நிற்க வேண்டும் அல்லவா? 51.4779, -0.0015 என்று போட்டு, பழைய எண்ணைக் குறிப்பில் வைக்கட்டும்.

தொலைநோக்கி
குறிப்பில் வைத்தால் சரி. கிரீன்விச்சின் தீர்க்கரேகையைப் பூஜ்ஜியம் இல்லை என்று எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், பிரெஞ்சு மூலங்கள் ஏதும் இருந்தால் கவனம். அவர்களுக்குப் பூஜ்ஜியம் பாரிஸ் வானாய்வகத்தின் வழியாகப் போனது. கிரீன்விச்சிலிருந்து 2 டிகிரி 20 நிமிடம் 14 நொடி கிழக்கே. 1911-இல் சட்டம் போட்டு நேரத்தை மாற்றிக்கொண்டபோதுகூடக் கிரீன்விச் என்று சொல்லாமல் 'பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைவு' என்றுதான் எழுதினார்கள். ஒரு மூலத்தின் எல்லாப் புள்ளிகளும் மேற்கே ஒரே கோண அளவு நகர்ந்திருந்தால் இதுதான்.

ஏட்டுச்சுவடி
அப்படி ஒரு கோப்பு இருக்கிறது! எல்லாமே மேற்கே நகர்ந்திருந்தது, தட்டச்சுப் பிழை என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இன்னும் ஒரே ஒரு வரி: பாலெர்மோ. யாரோ அனுப்பியது. 33எஸ் 355600 4219500. இது யூடிஎம், அதாவது உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை என்று கண்டுபிடித்துவிட்டேன். மண்டலம் 33, எஸ் என்றால் தெற்கு என்று போட்டேன். 52 டிகிரி தெற்கில், மனிதவாடையே இல்லாத கடலில் நிற்கிறது.

மாலுமி_ஓய்வில்
குளிரும் அங்கே.

ரேகைக்காரன்
அந்த எஸ் தெற்கு இல்லை. ராணுவ வரைபடங்களின் கட்டக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு மண்டலத்தையும் 8 டிகிரிப் பட்டைகளாக வெட்டி எழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எஸ் பட்டை 32 முதல் 40 டிகிரி வடக்கு. பாலெர்மோ 38-இல் இருக்கிறது, கச்சிதம். சில மென்பொருள்கள் அதே இடத்தில் வடக்குக்கு என், தெற்குக்கு எஸ் என்று அரைக்கோளத்தை எழுதுவதால் வரும் குழப்பம் இது. மண்டலம் 33 வடக்கு, ஈபிஎஸ்ஜி 32633 என்று அறிவித்துப் பாருங்கள். எண்கள் நூறில் முடிவதால் நூறு மீட்டருக்குள்தான் துல்லியம் என்பதையும் எழுதி வையுங்கள்.

தொலைநோக்கி
வானியலாளர் பியாட்சி 1801-இன் முதல் நாள் செரெஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்த இடம், ஓர் அரண்மனையின் மேல் இருக்கிறது. அதற்கு நூறு மீட்டர் துல்லியம் போதாது, அரண்மனைக் கூரையின் மேலேயே வையுங்கள்.

ஏட்டுச்சுவடி
வைத்துவிட்டேன். கடைசியாக: தசம இடங்கள் எத்தனை வைக்கலாம்? இணையத்தில் எடுத்த சில எண்களில் புள்ளிக்குப் பின் 14 இலக்கம் இருக்கிறது.

நிரல்நண்டு
ஐந்து போதும். ஒரு டிகிரி அட்சரேகை 111 கி.மீ., ஐந்தாவது தசமம் ஒரு மீட்டர் சொச்சம். பதினாலாவது தசமம் ஒரு நானோமீட்டர், அந்த அளவில் வானாய்வகத்தின் சுவரே நிலையாக நிற்காது. ஆனால் அல்மனாக் எண்கள் முழு நொடியில் நிற்பவை, ஒரு நொடி 31 மீட்டர். அவற்றுக்கு நாலு தசமத்துக்கு மேல் வைத்தால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும்.

ரேகைக்காரன்
மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் மூலத்தில் இருந்ததை எழுத்தாகவே ஒரு பத்தியில் வையுங்கள், மணியோ, டிகிரியோ, பாரிஸ் கணக்கோ அப்படியே. இன்னொரு பத்தியில் டேட்டம், இன்னொன்றில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது. செல்லை எண்ணாக வடிவமைக்காமல் உரையாக வடிவமையுங்கள், இல்லாவிட்டால் 00220.184-இன் முன்பூஜ்ஜியங்களை எக்செல் தின்றுவிடும்.

ஏட்டுச்சுவடி
லாகர் நண்பரிடம் மூலக்கோப்பையே கேட்டு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் அந்தப் பத்தியை நிரப்பிவிட்டுக் கோப்பை இங்கே போடுகிறேன்.